வலையில் சிக்கிய துகளும் கணக்கில் சிக்காத பயனும்



ரத்தக் குழாய் வழியாக இதய சிகிச்சை செய்யும் அறையான கேத் லேபில் வேலை முடிந்துவிட்டது. எண்பது வயதுப் பெரியவர் ஒருவரின் தொடைத் தமனி வழியாகப் போன புது வால்வு இதயத்தின் வாசலில் உட்கார்ந்துவிட்டது. வலது மணிக்கட்டு வழியாக உள்ளே போயிருந்த இன்னொரு குழாயை மருத்துவர் மெல்ல இழுத்து வெளியே எடுக்கிறார். அதன் முனையில் மடங்கிச் சுருங்கிய குட்டி வடிகட்டி. விரித்த துணிமேல் அதைக் கவிழ்த்து உப்புநீரால் அலசுகிறார்கள். கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் துணுக்குகள் சில, கருஞ்சிவப்பாக ஒரு நூல், சதை போல ஒரு திட்டு. வடிகட்டி இல்லாதிருந்தால் இவையெல்லாம் கழுத்துத் தமனி வழியாக மூளைக்குப் போயிருக்கும்.

இந்தத் துணியைக் கண்ணால் பார்த்த எவருக்கும் அடுத்து ஒரு நோயாளிக்கு வடிகட்டி இல்லாமல் வேலை செய்ய மனம் வராது. நூற்றில் 99 பேரின் வடிகட்டியில் இப்படி ஏதாவது ஒன்று சிக்கியது என்று 2017இல் வெளிவந்த 'செண்டினல்' ஆய்வு சொன்னது.

எட்டு ஆண்டு கழித்து, 2025 மார்ச்சில், சிகாகோவில் நடந்த இதயநோய் மாநாட்டில் பிரிட்டனின் ஆய்வு ஒன்று வாசிக்கப்பட்டது. 33 மருத்துவமனைகள், 7,635 நோயாளிகள். பாதிப் பேருக்கு வடிகட்டி வைத்தார்கள், மீதிப் பேருக்கு வைக்கவில்லை. வடிகட்டி வைத்தவர்களில் 81 பேருக்குப் பக்கவாதம் வந்தது. வைக்காதவர்களில் 82 பேருக்கு.

முதல் எண் 99. அடுத்த எண்கள் 81, 82. கண் பார்த்ததற்கும் கணக்கு காட்டியதற்கும் நடுவில் இத்தனை தூரம் எப்படி வந்தது என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

இறுகிய கதவு

இடது கீழறையிலிருந்து ரத்தம் பெருந்தமனிக்குள் போகும் வாசலில் மூன்று இதழ்கள் கொண்ட வால்வு இருக்கிறது. நல்ல நிலையில் அதன் திறப்பு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர். வயதாக ஆகச் சிலருக்கு இதழ்களில் கால்சியம் படிகிறது. இதழ் தடித்து, மடங்க மறுத்து, கடைசியில் கிளிஞ்சல் போல இறுகிவிடுகிறது. திறப்பு 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், சிலர் நின்ற இடத்திலேயே மயங்கி விழுவார்கள். இந்த அறிகுறிகள் தலைகாட்டிய பிறகு சிகிச்சை இல்லாதவர்களின் ஆயுள் ஒருசில ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது என்று ஜான் ராஸும் யூஜீன் பிரவுன்வால்டும் 1968லேயே எழுதிவிட்டார்கள்.

மருந்தால் கரைக்க முடியாத நோய் இது. நெஞ்சைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, பழைய வால்வை வெட்டி எடுத்துப் புதிதைத் தைப்பது 1960களிலிருந்தே உள்ள வழி. ஆனால் நோய் வருவதோ வயதானவர்களுக்கு. அவர்களில் பலரின் நுரையீரலும் சிறுநீரகமும் அந்த அறுவையைத் தாங்காது.

டென்மார்க்கின் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் 1989 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் பற்றி ஜூலியோ பால்மாஸ் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பிக் கூட்டுக்குள் ஒரு வால்வை வைத்துத் தைத்தால் என்ன என்று ஆண்டர்சனுக்குத் தோன்றியது. ஊர் திரும்பியதும் கம்பியைக் கையால் வளைத்தார், கசாப்புக் கடையிலிருந்து பன்றி இதயம் வாங்கி வால்வை எடுத்தார். 1989 மே 1 அன்று அது ஒரு பன்றியின் உடலில் பலூன் வழியாக விரிந்தது.

மனிதருக்கு அது வர இன்னும் 13 ஆண்டு ஆனது. பிரான்ஸின் ரூவான் நகரத்து அலெய்ன் கிரிபியே இறுகிய வால்வைப் பலூனால் விரிக்கும் முறையை 1985இலேயே தொடங்கியவர். விரித்த வால்வு சில மாதங்களில் மறுபடி இறுகிவிடுவதைப் பார்த்துச் சலித்தவரும் அவரே. 2002 ஏப்ரல் 16 அன்று, எந்த அறுவை நிபுணரும் தொடத் துணியாத 57 வயது நோயாளி ஒருவருக்குக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் வழியாகப் புது வால்வைப் பொருத்தினார். கால் தமனிகள் அடைத்திருந்ததால், கால் சிரையின் வழியாக ஏறி, இதயத்தின் நடுச்சுவரைத் துளைத்து, சுற்றி வளைத்துப் போக வேண்டியிருந்தது. இன்று மருத்துவமனைகளில் 'டாவி' என்று அழைக்கும் முறை அப்படித்தான் பிறந்தது. கனடாவின் ஜான் வெப் அதைத் தொடைத் தமனி வழியாக நேரே செய்யும் முறையாக மாற்றிய பிறகுதான் உலகெங்கும் பரவியது.

உயிர் மிஞ்சியது, ஒரு பயமும் மிஞ்சியது

2010இல் 'பார்ட்னர்' ஆய்வின் முதல் முடிவு வந்தது. அறுவை செய்யவே இயலாதவர்கள் 358 பேர். மருந்து முதலிய வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் 50.7 விழுக்காட்டினர் இறந்தார்கள்; டாவி செய்துகொண்டவர்களில் 30.7 விழுக்காட்டினர். ஐந்து பேருக்குச் செய்தால் ஓர் உயிர் கூடுதலாக மிஞ்சுகிறது என்பது இதயநோய் மருத்துவத்தில் அரிதாகக் கிடைக்கும் பலன்.

அதே அட்டவணையின் கீழே இன்னொரு வரி இருந்தது. முதல் 30 நாளில் பெரிய பக்கவாதம் டாவி செய்தவர்களில் 5 விழுக்காடு, மற்றவர்களில் 1.1 விழுக்காடு. மறுவருடம் வந்த இரண்டாம் பகுதியில், அறுவை செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டார்கள். பக்கவாதமும், சிறிது நேரத்தில் சரியாகிவிடும் தற்காலிக வாதமும் சேர்ந்து அறுவைக்குப் பின் 2.4 விழுக்காடாக இருந்தபோது, டாவிக்குப் பின் 5.5 விழுக்காடாக இருந்தன.

இந்த எண்களைக் கேட்ட முதியவர்கள் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "சாவு வந்தால் பரவாயில்லை டாக்டர், கை கால் விழுந்து படுத்துவிட்டால்?" மூச்சிரைப்போடு வாழப் பழகியவருக்கு, மகளின் கையால் சோறு வாங்கிச் சாப்பிடும் நிலை மரணத்தைவிடப் பெரிய பயம். டாவிக்குப் பின் பக்கவாதம் வந்தவர்களின் கதி அந்தப் பயம் வீணல்ல என்று காட்டியது. 2011 முதல் 2017 வரை அமெரிக்காவில் டாவி செய்துகொண்ட 1,01,430 பேரின் பதிவேட்டை ஆராய்ந்தபோது, பக்கவாதம் வந்தவர்களில் 16.7 விழுக்காட்டினர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். வராதவர்களில் அது 3.7 விழுக்காடு.

காரை உதிரும் இடம்

பழைய வீட்டின் சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் காரை உதிரும். டாவியில் நடப்பதும் ஏறத்தாழ அதுதான், உதிர்வதும் சுண்ணாம்புச் சத்துதான். ஆனால் உதிர்வது ஒரே இடத்தில் அல்ல.

தொடையிலிருந்து புறப்படும் குழாய் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு இதயத்துக்கு வருகிறது. வயதானவர்களின் அந்த வளைவில் கொழுப்பும் கால்சியமும் சேர்ந்து திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும். குழாய் உரசிக்கொண்டு போகும்போது அதிலிருந்து உதிரலாம். பிறகு இறுகிய வால்வின் ஊசித்துளை போன்ற திறப்பை ஒரு கம்பியால் தேடிப் பிடிக்க வேண்டும். தட்டுத் தடுமாறும் ஒவ்வொரு முயற்சியிலும் இதழ் உரசப்படுகிறது. அடுத்து புது வால்வைச் சரியான உயரத்தில் நிறுத்துவது, விரிப்பது. பழைய வால்வை இங்கே யாரும் வெட்டி எடுப்பதில்லை. புது வால்வு அதை நசுக்கிச் சுவரோடு ஒதுக்கிவிட்டு நடுவில் உட்காருகிறது. இறுகிய இதழ் நொறுங்கும் தருணம் இதுதான். வேலை நடக்கும்போது மூளைத் தமனியில் ஒலியலைக் கருவி வைத்துக் கேட்டவர்கள், துகள்கள் கடக்கும் சத்தம் வால்வை நிறுத்தும்போதும் விரிக்கும்போதும்தான் மிகுதியாகக் கேட்டது என்று பதிவு செய்திருக்கிறார்கள்.

ராட்டர்டாம் மருத்துவர்கள் 40 பேரின் வடிகட்டிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2013இல் எழுதினார்கள். 30 பேரிடம் துகள் இருந்தது. சிறியது 0.15 மி.மீ., பெரியது 4 மி.மீ. பாதிப் பேரிடம் ரத்தக்கட்டி. பாதிப் பேரிடம் வால்வு அல்லது தமனிச் சுவரின் திசு. பிற்கால ஆய்வுகளில் இதயத் தசைத் துணுக்கும், கதீட்டரின் மேற்பூச்சிலிருந்து உரிந்த பிளாஸ்டிக் இழையும்கூடக் கிடைத்தன. சிகிச்சைக்குப் போன கருவியே தன் பங்குக்குக் கொஞ்சம் விட்டுவந்திருக்கிறது.

மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது நிலைமை இன்னும் துலங்கியது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட சிறு ஆய்வில், டாவி செய்துகொண்டவர்களில் 84 விழுக்காட்டினரின் மூளையில் புதிதாகச் சின்னஞ்சிறு சேதங்கள் தெரிந்தன. நெஞ்சைத் திறந்து அறுவை செய்தவர்களில் அது 48 விழுக்காடு. பெரும்பாலோருக்கு வெளியே எந்தக் குறையும் தெரியவில்லை. பேசினார்கள், நடந்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். இருந்தாலும் இந்த 'மௌன' சேதங்களை அலட்சியப்படுத்த முடியவில்லை. காரணம், ராட்டர்டாமில் பொதுமக்களிடையே நடந்த வேறொரு நெடுநாள் ஆய்வு. இப்படி மௌனத் தழும்புகள் உள்ள முதியவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று அது 2003இல் சொல்லியிருந்தது.

துகள் உதிர்கிறது, மூளைக்குப் போகிறது, அங்கே தடம் பதிக்கிறது. வழியில் ஒரு வலை விரித்தால்?

இரண்டு வலைகள்

வடிகட்டிகளில் அதிகம் புழங்குவது 'செண்டினல்'. கிளாரெட் மெடிக்கல் என்ற நிறுவனம் உருவாக்கி, 2018இல் பாஸ்டன் சயன்டிஃபிக் வாங்கிக்கொண்டது. வலது மணிக்கட்டில் 2 மி.மீ. அகலக் குழாய் ஒன்று நுழைகிறது. கை வழியாக ஏறி, வலது கைக்கும் கழுத்தின் வலப்பக்கத்துக்கும் ரத்தம் கொண்டுபோகும் பெருங்கிளையை அடைந்ததும் முதல் வலை குடை போல விரிகிறது. அங்கிருந்து குழாயின் முனை கொக்கி போல வளைந்து பக்கத்திலுள்ள இடது கழுத்துத் தமனியின் வாயைத் தேடிப் பிடிக்கிறது. அதில் இரண்டாம் வலை விரிகிறது. கைதேர்ந்தவர்களுக்குச் சில நிமிட வேலை. வலையின் கண் 140 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. ரத்த அணுக்கள் தாராளமாகக் கடந்துபோகும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. முதல் கிளை 9 முதல் 15 மி.மீ. அகலமும், இடது கழுத்துத் தமனி 6.5 முதல் 10 மி.மீ. அகலமும் இருக்க வேண்டும். அதிகமாக வளைந்து நெளிந்த தமனியிலும் வலை சுவரோடு ஒட்டி உட்காராது.

இன்னொரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மூளைக்கு ரத்தம் நான்கு தமனிகளில் போகிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு, முதுகெலும்பை ஒட்டிப் பின்பக்கம் இரண்டு. செண்டினலின் இரண்டு வலைகள் மூன்றைக் காக்கின்றன. இடப்பக்கப் பின்தமனி இடது கைக்குப் போகும் கிளையிலிருந்து பிரிவதால் அதற்குக் காவல் இல்லை. சிறுமூளையும் மூளைத்தண்டும் அந்தப் பின்தமனிகளின் பாசனப் பகுதி.

கணக்கு

முதலில் வந்த முடிவுகள் நம்பிக்கை தந்தன. ஜெர்மனியின் லைப்சிக்கில் 100 பேரிடம் நடந்த 'கிளீன் டாவி' ஆய்வு 2016இல் வெளியானது. வலை காத்த மூளைப் பகுதிகளில் புதுச் சேதங்களின் எண்ணிக்கை 10லிருந்து 4 ஆகக் குறைந்திருந்தது.

அடுத்து வந்த செண்டினல் ஆய்வில் 363 பேர். சேதத்தின் மொத்த அளவு 178 கன மில்லிமீட்டரிலிருந்து 103 ஆனது. மிளகுக் கணக்கில் சொன்னால், மூன்று மிளகு அளவுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது ஒன்றரை மிளகானது. 30 நாளில் பக்கவாதம் 9.1 விழுக்காட்டிலிருந்து 5.6 ஆனது. இரண்டு வித்தியாசங்களும் தற்செயலாக வந்திருக்கலாம் என்பதைப் புள்ளியியல் மறுக்கவில்லை. ஆனாலும் 99 விழுக்காடு என்ற எண்ணும் அலசிய துணியின் காட்சியும் அந்த எச்சரிக்கையைப் பின்னுக்குத் தள்ளின. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 ஜூனில் இக்கருவிக்கு அனுமதி அளித்தது.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை உண்டு. 9.1 விழுக்காடு என்பது அன்றைய மற்ற ஆய்வுகளைவிட மிக அதிகம். இந்த ஆய்வில் ஒவ்வொரு நோயாளியையும் நரம்பியல் வல்லுநர் தேடித் தேடிப் பரிசோதித்தார். ஒரு பக்கக் கண்பார்வையில் சிறு குறை, விரலில் லேசான தடுமாற்றம் எல்லாம் கணக்கில் ஏறின. தேடுகிறவருக்கே கிடைக்கும் வகைப் பக்கவாதமும் இருக்கிறது.

பிறகு பெரிய ஆய்வுகள். கிளீவ்லாந்து கிளினிக்கின் சமீர் கபாடியா தலைமையில் நடந்த 'புரொடெக்டட் டாவர்' ஆய்வில் 3,000 பேர்; முடிவு 2022இல் வந்தது. பக்கவாதம் வலையோடு 2.3 விழுக்காடு, வலையில்லாமல் 2.9. இதுவும் தற்செயலின் எல்லைக்குள்தான். ஆனால் ஆளை முடக்கிப்போடும் பக்கவாதத்தை மட்டும் தனியே எடுத்தால் 0.5க்கும் 1.3க்கும் வித்தியாசம் இருந்தது. அதாவது 125 பேருக்கு வலை வைத்தால் ஒருவர் முடங்குவது தப்பும். வலையை நம்பியவர்கள் இந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். நம்பாதவர்கள், முதன்மைக் கேள்விக்கு விடை 'இல்லை' என்று வந்தபின் துணைக் கேள்விகளில் ஆறுதல் தேடக்கூடாது என்றார்கள்.

இரு தரப்பும் காத்திருந்தது பிரிட்டன் இதய அறக்கட்டளையின் நிதியில், ஆக்ஸ்ஃபோர்டின் ராஜேஷ் கர்பண்டா தலைமையில் நடந்த ஆய்வுக்கு. தொடக்கத்தில் சொன்ன 81, 82 என்ற எண்கள் அதிலிருந்து வந்தவை. விழுக்காட்டில் 2.1, 2.2. ஆளை முடக்கும் பக்கவாதம் 1.2, 1.4. கிளீவ்லாந்தில் ஒளிவிட்ட நம்பிக்கையை அது உறுதி செய்யவில்லை.

வலை ஏன் காக்கவில்லை?

சிக்கிய துகள் பொய்யல்ல. அப்படியானால் பலன் எங்கே போனது? ஒரே காரணத்தைச் சுட்டிக் காட்ட முடியாது. பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, நேரம். வலை உடலுக்குள் இருப்பது ஒரு மணி நேரம், அதிகம் போனால் இரண்டு. மேலே சொன்ன அமெரிக்கப் பதிவேட்டில், 30 நாளில் வந்த பக்கவாதங்களில் 48.9 விழுக்காடுதான் முதல் நாளில் வந்தவை. முதல் மூன்று நாளைச் சேர்த்தால் 68.4 விழுக்காடு. வலையைச் சுருட்டி எடுத்த பிறகு வந்தவையே அதிகம்.

இரண்டாவது, இடம். காவலில்லாத நான்காம் தமனியும், 140 மைக்ரானுக்குக் குறைவான தூசும் தடையின்றிப் போகின்றன. மூன்றாவது, வலையும் ஒரு குழாய்தான். கால்சியம் படிந்த வளைவில் அதைத் திருப்பி, கொக்கியிட்டு, இடது கழுத்துத் தமனியின் வாயைத் தேடும்போது அதுவே கொஞ்சம் உதிர்க்கக்கூடும்.

நான்காவது காரணத்தில் துகளுக்கே பங்கில்லை. வால்வை விரிக்கும் சில நொடிகளில் ரத்த ஓட்டம் அதைத் தள்ளிவிடாதபடி, தற்காலிக பேஸ்மேக்கரால் இதயத்தை நிமிடத்துக்கு 180க்கு மேல் ஓட வைக்கிறார்கள். அவ்வளவு வேகத்தில் இதயம் துடிக்கிறதே தவிர ரத்தத்தைத் தள்ளுவதில்லை. ரத்த அழுத்தம் சரிகிறது. ஏற்கெனவே கழுத்துத் தமனி சுருங்கிய ஒருவருக்கு, கால்வாயின் கடைமடை போல மூளையின் எல்லைப் பகுதிகள் வறண்டுபோக அந்தச் சில நொடிகள் போதும். அதை எந்த வலையும் தடுக்காது.

ஐந்தாவது, மூளையின் தாங்கும் திறன். சிறு துகள்கள் அடைத்தாலும் பக்கத்துக் குழாய்கள் ரத்தம் தருகின்றன. எம்.ஆர்.ஐ.யில் புள்ளி விழுந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே இருந்தார்கள் என்பதன் பொருள் அதுதான். வலையில் சிக்கிய துகள்களில் பெரும்பாலானவை, சிக்காமல் போயிருந்தாலும், பக்கவாதமாகப் பதிவாகியிருக்காது.

இத்தனைக்கும் பிறகு வலையை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. வால்வில் கால்சியம் கொத்தாகத் தொங்கும் நோயாளி, முன்பே ஒருமுறை பக்கவாதம் கண்டவர் போன்றவர்களுக்குச் சில மையங்கள் இன்னும் வைக்கின்றன. அவர்களுக்காவது பலன் உண்டு என்று பெரிய ஆய்வு எதுவும் நிறுவவில்லை. மருத்துவரின் அனுபவமும் நோயாளியின் விருப்பமும் சேர்ந்து எடுக்கும் முடிவு அது.

உண்மையில் குறைத்தது எது?

பக்கவாதம் குறையவே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2010இல் பெரிய பக்கவாதம் மட்டுமே 5 விழுக்காடு. இன்றைய பெரிய ஆய்வுகளில் எல்லா வகையும் சேர்ந்தே 2 விழுக்காட்டுக்கு அருகில். அபாயம் குறைந்த 1,000 பேரிடம் நடந்து 2019இல் வெளிவந்த 'பார்ட்னர் 3' ஆய்வில், 30 நாளில் டாவி செய்தவர்களுக்கு 0.6 விழுக்காடு, அறுவை செய்தவர்களுக்கு 2.4. பத்து ஆண்டுக்குள் தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. அந்த இறக்கத்துக்கு மேடையேறி மாலை வாங்க ஒரு கருவி கிடையாது.

ஒரு பங்கு நோயாளிகள் மாறியதால் வந்தது. முன்பு சாவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு மட்டும் செய்தார்கள். இப்போது எழுபதுகளில், ஓரளவு திடமாக இருப்பவர்களும் வருகிறார்கள். அவர்களின் தமனிகள் அவ்வளவு நைந்துபோனவை அல்ல.

குழாய் மெலிந்தது இன்னொரு பங்கு. கதீட்டர் உலகில் அகலத்தை 'பிரெஞ்ச்' என்ற அளவில் சொல்வார்கள். மூன்று பிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். தொடக்க கால உறைக்குழாய் 22, 24 பிரெஞ்ச். ஏறக்குறைய 8 மி.மீ. இன்று 14 பிரெஞ்ச் போதும், 5 மி.மீ.க்கும் குறைவு. அதே வளைவில் போனாலும் மெல்லிய, நன்றாக வளையும் குழாய் சுவரை அவ்வளவாக உரசாது. குழாய் மெலிந்ததால் பெரும்பாலோருக்குத் தொடை வழியே போக முடிகிறது; விலா இடுக்கைப் பிளந்து இதயத்தின் நுனியைத் துளைத்துப் போகும் முறை அருகிவிட்டது. இந்தியாவில் குஜராத்தின் வாபியில் மெரில் நிறுவனம் தயாரிக்கும் 'மைவால்' வால்வும் இதே தலைமுறைதான். 768 பேரிடம் நடந்து 2024இல் வெளிவந்த 'லேண்ட்மார்க்' ஆய்வு, பக்கவாதத்தையும் சேர்த்துப் பார்த்த 30 நாள் கணக்கில் அது மேல்நாட்டு வால்வுகளுக்குச் சளைத்ததல்ல என்று காட்டியது.

அடுத்தது சி.டி. ஸ்கேன். தையற்காரர் அளவெடுப்பது போல வால்வு வாயின் சுற்றளவு, கால்சியம் எந்த இதழில் எவ்வளவு, தொடைத் தமனி எங்கே வளைகிறது என எல்லாவற்றையும் முன்பே அளந்துவிடுகிறார்கள். பொருந்தும் அளவில் வால்வு எடுத்தால் இரண்டு ஆபத்துகள் தப்புகின்றன: இடம் நழுவுவதும், கசிவை அடைக்க மறுபடி பலூன் விரிப்பதும். 1,061 பேரை ஆராய்ந்து 2012இல் வந்த ஒரு கட்டுரை, முதல் 24 மணி நேரப் பக்கவாதத்தோடு நெருங்கிய தொடர்புடையவை என்று சுட்டியது இந்த இரண்டையும்தான்.

கடைசியாக, கை. குழாய் ஒவ்வொன்றையும் உடலுக்குள் விடும் முன் உப்புநீர் விட்டுக் காற்றுக் குமிழ் போக அலசுவது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்தைக் கொடுத்து, உறையும் நேரம் 250 நொடிக்கு மேல் இருக்கிறதா என்று இடையிடையே சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பது. வளைவில் குழாயைத் தேவையின்றி முன்னும் பின்னும் இழுக்காமல் இருப்பது. வேகத் துடிப்பை ஒருமுறையோடு முடித்துக்கொள்வது. சொல்லும்போது சாதாரணமாகத் தோன்றும் இந்தப் பழக்கங்களை ஒன்றொன்றாகப் பிரித்து இதனால் இவ்வளவு குறைந்தது என்று எழுத முடியாது. ஆகவே அவை தலைப்புச் செய்தியாவதும் இல்லை.

வீட்டுக்குப் போன பிறகு

புது வால்வின் உலோகக் கூட்டைத் திசுப்படலம் மூடும்வரை அதன்மேல் ரத்தம் உறையும் வாய்ப்பு உண்டு. எனவே உறைதலைத் தடுக்கும் மருந்து வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு என்பதில்தான் பாடம் கற்க நேர்ந்தது. ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரலையும் சேர்த்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். நெதர்லாந்து மருத்துவர்கள் தலைமையில் 665 பேரிடம் நடந்து 2020இல் வந்த 'பாப்புலர் டாவி' ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டில் 15.1 விழுக்காட்டினருக்கு ரத்தக்கசிவு. இரண்டும் எடுத்தவர்களில் 26.6. பக்கவாதமோ இரண்டாம் மருந்தால் குறையவில்லை. ரிவரோக்சபான் என்ற வலுவான மருந்தை 1,644 பேரிடம் சோதித்த 'கலிலியோ' ஆய்வை, மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு கூடுவது கண்டு பாதியில் நிறுத்தினார்கள். இப்போது பெரும்பாலோருக்கு ஓர் ஆஸ்பிரின் மாத்திரையோடு சரி.

இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் நோய் உள்ளவர்கள் கதை வேறு. அந்த அறையின் மூலையில் தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகும். அவர்களுக்கு உறைவுத் தடுப்பு மருந்து அவசியம். டாவிக்குப் பின் முதன்முறையாக இந்தத் துடிப்புக் கோளாறு தலைகாட்டுவதும் உண்டு. மேலே சொன்ன 2012ஆம் ஆண்டுக் கட்டுரையில், முதல் நாளுக்குப் பிறகு வந்த பக்கவாதங்களின் பின்னால் இதுவே நின்றது. வார்டில் மாட்டிவிடும் ஈ.சி.ஜி. மானிட்டரைச் சீக்கிரம் கழற்றிவிடாமல் இருப்பதும் ஒருவகைப் பக்கவாதத் தடுப்புதான்.

"ரெண்டு கையையும் தூக்குங்க"

இவ்வளவுக்குப் பிறகும் நூறில் இரண்டு பேருக்கு வரும். வந்தால் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது ஜெஃப்ரி சேவர் 2006இல் போட்ட கணக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இங்கே எளிதில் கைகொடுக்காது. தொடைத் தமனியில் அப்போதுதான் துளையிட்டிருக்கிறது, உடம்பில் ஹெப்பரின் இருக்கிறது, அடைத்திருப்பது சுண்ணாம்புத் துணுக்கானால் அது கரையவும் கரையாது. பெரிய தமனி அடைத்திருந்தால் கதீட்டர் வழியாகவே போய் அதைப் பிடித்து இழுத்துவிட முடியும். அதற்கு முதலில் பக்கவாதம் வந்திருக்கிறது என்று யாராவது கவனிக்க வேண்டும்.

முழு மயக்கம் கொடுக்காமல், வலி மரத்துப்போக மட்டும் மருந்து கொடுத்து டாவி செய்யும் வழக்கம் பரவியதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. தொடைத் துளையை மூடி முடித்ததும் மருத்துவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு நோயாளியின் தலைமாட்டுக்கு வருகிறார்.

"ஐயா, பேர் சொல்லுங்க."

சொல்கிறார்.

"சிரிங்க பார்ப்போம். ரெண்டு கையையும் தூக்குங்க. நான் பத்து எண்ணுற வரைக்கும் இறக்கக்கூடாது."

ஒன்று, இரண்டு, மூன்று. வலது மணிக்கட்டில் கட்டு இருப்பதால் அந்தக் கை கொஞ்சம் தயங்கி எழுகிறது. இடது கை அதற்கு முன்பே மேலே நிற்கிறது. பத்து வரை இரண்டும் இறங்கவில்லை. செவிலியர் கேஸ் ஷீட்டில் நேரத்தைக் குறிக்கிறார். மாலையில் இதே சோதனை இன்னொரு முறை. பாதிக்கு மேற்பட்ட பக்கவாதங்கள் முதல் நாள் தாண்டித்தான் வருகின்றன என்பது அந்த வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் மறுநாள் காலை, அவர் காபி டம்ளரை எடுக்கக் கை நீட்டும்போது, செவிலியர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் கேட்கிறார்: "ஐயா, ரெண்டு கையையும் தூக்குங்க."